பாதி வேகத்தில் ஒரு கிட்டார்

சே.ம.சூ.

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
9-6-1976

அன்புள்ள தம்பி அல்போன்சுக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அரிக்கேன் விளக்கைத் திட்டு, என்னைத் திட்டாதே. கரண்ட் போய் வெகு நேரமாகிறது. ரெமி தூங்கிய பிறகுதான் என் இரண்டு கையும் எனக்குச் சொந்தம்.

உன் பார்சல் போன கப்பலில் வந்து சேர்ந்தது. பிஸ்கட் டின்னுக்குள் பழைய பேப்பர் சுற்றி, நடுவில் டேப் சுருள். டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். பேப்பரை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். "எக்கா, சுகமா?" என்று ஒரு துண்டுச் சீட்டாவது இருக்காதா? அட்டையில் "டென்சில் வார்ட்லி, கிட்டார்" என்பதோடு சரி. ரெமியின் ஞானஸ்நானத்துக்கு நீ வராதபோது நான் காரமாகத்தான் எழுதினேன். ஞானத்தகப்பன் நீ என்று சாமியாரிடம் பெயர் கொடுத்துவிட்டு, கடைசியில் உன் மச்சானுடைய படகு கிளீனர் தாமசைக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பிடிக்கச் சொன்னவள் நான். அவர் கையில் இருந்த கிரீஸ் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது இன்னும் போகவில்லை. கோபம் வராதா? நீ பதிலுக்கு இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு, இப்போது வாயைத் திறக்காமலே ஒரு டேப் அனுப்புகிறாய்.

சரி, விடு. அனுப்பினாயே, அதுவே பெரிது.

டேப் ரெக்கார்டர் எங்களிடம் இருப்பது உனக்கு யார் சொல்லித் தெரிந்ததோ. கப்பல் ரேடியோ ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது உன் மச்சான் அவரிடம் வாங்கினார். அதைக் கொண்டுவந்து வைத்த அன்று பக்கத்து வீட்டு தனபாக்கியம் அக்கா ஒரு சாத்திரம் சொன்னாள், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், சிரிப்பாய். இவள் தாத்தா ஜெயில் காலத்திலேயே இங்கே வந்தவராம். பேச்சில் பாதி இந்தி.

டேப்பைக் கேட்டேன். உண்மையைச் சொல்லவா? நீ ஊரில் இருக்கும்போது இந்த மனிதரைப் பற்றி மின்னல், இடி என்றெல்லாம் அளந்தாயே. எனக்கு அப்படித் தெரியவில்லை. ரொம்ப நிதானமாக வாசிக்கிறார். ஒரு கம்பியைத் தட்டுகிறார், அது முழுதாக அடங்குகிறவரை காத்திருக்கிறார், பிறகுதான் அடுத்தது. கடைசியில் தனியாக வாசிக்கிறாரே, அதில் மாட்டு வண்டி மேடு ஏறுகிற மாதிரி ஒரு நடை. வயசானவரோ? உடம்புக்கு முடியாதவரோ? வாசிக்கும்போதே அவர் தொண்டைக்குள் முனகுவது கேட்கிறது. தனபாக்கியம் அக்கா எட்டிப் பார்த்து, "அரே அமுதம், யே க்யா ஹை, என்ன இது? யார் வீட்டுச் சாவு?" என்றாள்.

ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. ரெமிக்கு என்னைவிட. அதுதான் ஆச்சரியம். தகரத்தில் செய்த பொம்மை போட்டை உருட்டிக்கொண்டிருந்தவன் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தான். ஸ்பீக்கர் துணியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றான். சுருள் தீர்ந்து வால் படபடவென்று அடிக்கிறவரை நகரவில்லை. ஓர் இடத்தில் சும்மா நிற்காத பிள்ளை.

அவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. கூப்பிட்டால்

மேலே அடித்திருக்கும் வரியைப் படிக்காதே. ஒன்றுமில்லை. தூக்கக் கலக்கம்.

உன் அக்கா,
அமுதம்

*

கல்கத்தா
24-6-76

எக்கா,

முதலில் சண்டை, பிறகு சுகம் விசாரிப்பு.

வயசானவரா? டென்சில் வார்ட்லிக்கு முப்பத்தொரு வயது! மாட்டு வண்டியா? கடைசித் துண்டு "லெவல் கிராசிங்". அவர் அப்பா காரக்பூரில் ரயில் டிரைவர். ரயில்வே காலனியில் வளர்ந்த பையன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மெயில் வண்டி முகத்தில் காற்றடித்துக்கொண்டு கடந்து போவதைத் தினமும் பார்த்திருக்கிறான். அதைத்தான் ஒற்றைக் கிட்டாரில் வாசிக்கிறார். ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். கேட்கிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும் போல் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு எங்கள் பேண்டில் இருந்த ஒருவன் தன் கிட்டாரை விற்றுவிட்டு இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போய்விட்டான். நீ என்னடாவென்றால் வண்டி மேடு ஏறுகிறது என்கிறாய்.

என் மேல் உள்ள கோபத்தை அவர் மேல் காட்டாதே. கேட்காமலே கேட்டேன் என்று எழுதினால்கூட நான் வருத்தப்பட மாட்டேன். கேலி பண்ணுவதுதான் சகிக்கவில்லை.

அந்த டேப்பை நான் எப்படிச் சேர்த்தேன் தெரியுமா? முதல் துண்டு அவர் பதினெட்டு வயதில் இங்கே பார்க் ஸ்ட்ரீட் ஓட்டலில் டான்ஸ் பேண்டில் வாசித்தது. பின்னால் தட்டு உடைகிற சத்தம்கூட இருக்கும். அடுத்தது லண்டன் போன புதிதில், ட்ரம்மும் பேஸும் வைத்துக்கொண்டு. அதில் ஜாஸ் மட்டும்தான். மூன்றாவதில்தான் எல்லாம் கலக்கிறது. மின்சாரக் கிட்டார், தபலா, ராக் தாளம், அதற்கு மேல் நம்ம ஊர் நாகஸ்வரம் மாதிரி ஸ்வரத்தை வளைத்து இழுப்பார். அந்த ரெக்கார்டு கல்கத்தா முழுவதிலும் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஏர்லைன்ஸில் வேலை பார்க்கிற பன்னீர்செல்வம் என்று ஒருவர். அவரிடம் கெஞ்சி, ஒரே ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கி, நான் பகலில் வேலை பார்க்கிற பழைய ரெக்கார்டுக் கடை மெஷினில் ஏற்றினேன். உனக்காக. ஞானஸ்நானத்துக்கு வராமல் நான் எந்த மாதிரி ஓட்டலில், எந்த மாதிரிச் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குக் காதால் சொல்லலாம் என்று. எனக்கு எழுத வரவில்லை. பேசவும் வரவில்லை.

அடித்த வரியைப் படிக்காதே என்றாய். பல்புக்கு எதிரே பிடித்துப் படித்தேன். "என்னை மட்டும்" என்று இரண்டு சொல் தெரிந்தது. என்ன அது?

ரெமி பேசுவான். நானே மூன்று வயதுக்கு மேல்தான் வாயைத் திறந்தேன் என்று அம்மா சொல்வாள். அதற்கு நீதான் காரணமாம். உன் விசில் குரலில் நீ ஒருத்தி பேசினால் வீட்டில் வேறு எவனுக்குச் சந்தர்ப்பம்? கோயிலில் நீ மேல் ஸ்தாயி எடுத்தால் தூணில் இருக்கும் புறா எல்லாம் பறக்குமே, ஞாபகம் இருக்கிறதா?

மச்சானைக் கேட்டதாகச் சொல். அவர் என்னைக் கேட்க மாட்டார், தெரியும்.

அல்போன்ஸ்

*

சே.ம.சூ.

ஜங்லிகாட்
10-7-76

தம்பிக்கு,

உன் கடிதத்தின் தலையில் சேசு, மரி, சூசை மூன்று பேருக்கும் இடம் இல்லை. டென்சில் வார்ட்லிக்குத்தான் இடம். இருக்கட்டும்.

நான் கேட்காமலா எழுதினேன்? மாதாமேல் ஆணையாகச் சொல்கிறேன், வீட்டில் தினமும் அந்த டேப்தான். சோறு வடித்து, மீன் அலசி, குழம்பு கொதித்து இறங்கி, பாத்திரம் கழுவி முடிக்கிறவரை அந்த ஒரு பக்கம் ஓடுகிறது. தட்டு உடைகிற சத்தம் என்றாயே, நான் அதை யாரோ கோயில் மணியை ஓரமாகத் தட்டினார்கள் என்று நினைத்திருந்தேன். தபலா எனக்குப் பெரிய மேளமாகக் கேட்கிறது. "லெவல் கிராசிங்"கில் நடுவில் நாற்காலி கிறீச்சிடுகிறது, அதற்கு அடுத்த ஸ்வரம் அவருக்குத் தவறுகிறது. தவறினதை விட்டுவிடாமல் அதையே இன்னும் இரண்டு தரம் வேண்டுமென்றே தொடுகிறார், ஏதோ முதலிலிருந்தே அதுதான் உத்தேசம் என்பதுபோல. அது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இத்தனையும் கேட்காமலா தெரியும்? ஓர் ஆள் மெயில் வண்டி வேகத்தில் போனால் இதெல்லாம் என் காதில் எப்படி விழும்? பொய் சொல்வது நீயா, நானா, அந்த மனிதரா?

இனி நீ கேட்டது. "என்னை மட்டும்."

எழுதிவிடுகிறேன். ரெமி என்னை மட்டும் மதிப்பதில்லை. நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பின்னால் நின்று, பக்கத்தில் நின்று, கெஞ்சி, கத்தி, எப்படிக் கூப்பிட்டாலும். உன் மச்சான் ஹேவ்லாக் தீவுப் படகிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று "ஏலே ரெமி" என்றால் போதும், உள்ளேயிருந்து ஓடுகிறான். அவர் குரல் தெரியுமே உனக்கு, இன்ஜின் ரூமில் கத்திக் கத்தித் தடித்துப்போன குரல். ஹாடோ ஜெட்டியில் கப்பல் ஊதினால் துள்ளுகிறான். இடி இடித்தால் அழுகிறான்.

காதாக இருக்குமோ என்று பயந்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பின்னால் போய்ப் படாரென்று கை தட்டினார். ரெமி திரும்பினான். "கான் பில்குல் டீக் ஹை. லாட்லா ஹை" என்றார். காது நன்றாக இருக்கிறது, செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறாய் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தால் உன் மச்சான், "நாந்தான் சொன்னம்லா? செவிடுன்னா கப்பல் ஊதுறது மட்டும் எப்படிளா கேக்கும்? பி.எஸ்சி. படிச்சவளுக்கு இது தெரியலியா?" என்கிறார். தனபாக்கியம் அக்கா, "நீ ஓவரா கொஞ்சுற, அமுதம். ரெண்டு நாள் பேசாம இரு, தானா வருவான்" என்கிறாள். பேசாமல் இருந்து பார்த்தேன் அல்போன்ஸ். அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் பேசுவதும் பேசாமலிருப்பதும் அவனுக்கு ஒன்று.

முகத்தைப் பார்த்தால் சிரிப்பான். இடுப்பில் ஏறிக்கொள்வான். திரும்பி நின்றால் நான் இல்லை. பெற்ற பிள்ளைக்குத் தாயின் குரல் பிடிக்காமல் போகுமா? எந்தப் புஸ்தகத்திலும் இப்படிப் படித்ததில்லை. ராத்திரி அவனைத் தூங்கவைக்க நான் பாடுவதில்லை இப்போது. உன் வார்ட்லியைத்தான் போடுகிறேன். அவர் முனகலில் தூங்குகிறான். என் பிள்ளையைத் தூங்கவைக்கிற மனிதரை நான் எதற்குக் கேலி பண்ணப் போகிறேன்?

அமுதம்

*

சேசு மரி சூசை (மூன்று பேருக்கும் முழுசாக இடம் கொடுத்துவிட்டேன்)

கல்கத்தா
22-7-76

எக்கா, எக்கா, எக்கா,

தலையில் அடித்துக்கொண்டேன். உன் கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முதலாளி வெளியே போகச் சொல்லிவிட்டார். குழம்பு வைத்து, பாத்திரம் கழுவி முடிக்கிறவரை ஒரு பக்கம் ஓடுகிறதா? அந்தப் பக்கம் சோறு வடிப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும்!

உன் மெஷினில் போய்ப் பார். எங்கேயாவது சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும். பக்கத்தில் இரண்டு எண்: ஏழரை, மூன்றேமுக்கால். நொடிக்கு இத்தனை அங்குலம் என்று டேப் ஓடுகிற வேகம் அது. நான் ஏழரையில் பதிந்தேன். நீ மூன்றேமுக்காலில் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். பாதி வேகம். வேகம் பாதியானால் ஸ்வரமும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். தபலா மேளமாகும். முப்பத்தொரு வயதுக்காரர் கிழவனாவார். நீங்களே பதிந்து அதே வேகத்தில் நீங்களே கேட்டால் சரியாகத்தான் இருக்கும், அதனால் இத்தனை நாள் தெரியவில்லை.

நான் அந்தச் சுருளில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் முதல் நாளே உனக்குப் புரிந்திருக்கும். "எக்கா" என்று நான் பூதம் மாதிரி உறுமியிருப்பேன். ரோஷம் பிடித்துப் பேசாமல் விட்டதற்கு எனக்கு இது வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கிட்டார் படிக்கிற நாங்கள் எல்லாருமே கஷ்டமான இடம் வந்தால் பாதி வேகத்தில் ஓட்டித்தான் விரல் பிடிப்போம். ஆனால் நாலு ஸ்வரத்துக்கு மட்டும். முழுத் துண்டையும் அப்படிக் கேட்கிற பொறுமை எவனுக்கு இருக்கிறது? நேற்று கடை சாத்திய பிறகு என்னிடம் இருக்கும் இன்னொரு சுருளில் "லெவல் கிராசிங்"கை நீ கேட்ட மாதிரியே போட்டேன். நாற்காலி இருக்கிறது. முனகல் இருக்கிறது. அந்தத் தவறு! எத்தனை வருஷமாக அதை ஒரு பெரிய நுணுக்கம் என்று நினைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். மனுஷன் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே துணி விரித்து உட்கார்ந்திருக்கிறார். பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க அக்கா யாருய்யா?" என்கிறார்.

நெம்புகோலை ஏழரைக்குத் தள்ளு. நிஜமான வார்ட்லியைக் கேள். ரெமி எழும்பி ஆடப்போகிறான் பார்.

ரெமியைப் பற்றி எழுதினாயே. உன் குரல் பிடிக்காத பிள்ளை இருக்க முடியாது. அதைப் பற்றி நான் நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன்.

அல்போன்ஸ்

*

சே.ம.சூ.

ஜங்லிகாட்
6-8-76

என் அன்புத் தம்பிக்கு,

மறுபடியும் அகால வேளை. இந்த முறை மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. விடிகிறவரை காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

முதலில் அந்தச் சாத்திரத்தைச் சொல்கிறேன். மெஷின் வந்த அன்று தனபாக்கியம் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எல்லாவற்றையும் படித்தாள். "ஏழரைன்னு எழுதியிருக்கு! அரே பாபா, காசு குடுத்துச் சனியனை வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்களா? அந்தப் பக்கம் தள்ளாதே, மூணேமுக்கால்லயே இருக்கட்டும்" என்றாள். உன் மச்சான், "நாம வேதக்காரங்க, நமக்கு என்ன ஏழரை?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, பிளாஸ்திரியைக் கிழித்து நெம்புகோல் அசையாதபடி அவரே ஒட்டினார். கடலில் போகிறவர், எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார். பிசிக்ஸ் படித்த நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே பிளாஸ்திரியை உரித்தேன். ஏழரைக்குத் தள்ளினேன். "லெவல் கிராசிங்".

நீ சொன்னது சரி. ஒதுங்கி நிற்க வேண்டும்போலத்தான் இருந்தது. எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து கொடுக்காப்புளி உரித்துக்கொண்டிருந்த தனபாக்கியம் அக்கா, "ஏ, இது வேற ஆளா?" என்று எழுந்து வந்தாள்.

ரெமி எப்போதும்போல ஸ்பீக்கரில் கன்னம் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கையால் ஒரு தட்டுத் தட்டினான், நின்றுபோன மெஷினைத் தட்டுவோமே, அப்படி. அப்புறம் போய்த் தகர போட்டை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான்.

அல்போன்ஸ், அப்போது டேப் ஓடிக்கொண்டிருந்தது. வார்ட்லி உயிரை விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்கு மெஷின் நின்றுபோயிருந்தது.

நெம்புகோலைத் திருப்பித் தள்ளினேன். வந்தான். ஏழரைக்குத் தள்ளினேன். போனான். லண்டன் துண்டைப் போட்டேன். வேகமாக ஓடும்போதும் பெரிய ட்ரம் அடிக்கிற இடத்தில் மட்டும் திரும்பினான், கிட்டார் ஏறியதும் மறந்துவிட்டான். தனபாக்கியம் அக்கா, "என்னடி பண்ற பிள்ளையை?" என்றாள். எனக்குக் காலேஜ் நாள் ஞாபகம் வந்தது. லேபில் கம்பியைக் கட்டி, நீளத்தைக் குறைத்துக் குறைத்து, ஒலி மெலிந்து மேலே போவதை நானே எத்தனை தரம் செய்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கப்பல் ஊதுவது, இடி, அவன் அப்பா குரல், எல்லாம் தடித்த ஒலி. கை தட்டினால்கூட அதில் கொஞ்சம் தடிப்பு இருக்கும். அப்படி மேலே ஏறிய மெலிந்த ஒலி அவனுக்கு எட்டவில்லை. வீட்டிலேயே மெலிந்த ஒலி எது? நீ எழுதினாயே, என் விசில் குரல்.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். நீ சிரிக்கக் கூடாது. புதுச் சுருளைப் போட்டு, ஏழரையில் வைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ரெமி, அம்மா கூப்பிடுறேன், இங்க வா ராசா" என்று என் சொந்தக் குரலில் பேசினேன். திருப்பி ஓட்டி, மூன்றேமுக்காலில் போட்டேன்.

பயங்கரமாக இருந்தது. ஏதோ ஒரு பெரிய மாடு என் பிள்ளை பெயரைச் சொல்லிக்கொண்டு அழுகிற மாதிரி. தனபாக்கியம் அக்கா, "ராம் ராம்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரெமி போட்டைக் கீழே வைத்தான். எழுந்து வந்தான். ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்தான். டேப் தீர்ந்ததும் பெட்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று.

நான் அவன் பின்னால் தரையில் உட்கார்ந்து, நெஞ்சுக்குள்ளிருந்து, உன் மச்சான் மாதிரித் தடிப்பாக, "ரெமி" என்றேன்.

திரும்பினான். பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். என் தொண்டையில் கையை வைத்தான்.

என்னை அவனுக்குப் பிடிக்காமல் இல்லை. நான் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அவன் காதுக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு, அவன் மதிக்கவில்லை என்று அழுதிருக்கிறேன். அன்று முழுக்கத் தடிப்பாகவே பேசிப் பேசி இப்போது தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் இன்னும் தடிப்பாக வருகிறது, நல்லதுதான்.

உன் மச்சான் படகிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்டினேன். நெம்புகோலை அவரே இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார். பிள்ளை வருவதையும் போவதையும் பார்த்தார். வெளியே போய் நின்றுவிட்டு வந்து, "நான் சும்மாவே உன்னய வஞ்சிட்டேனே" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். அங்கிருந்த டாக்டரம்மா நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொரு ஸ்தாயியாக ஒலி கொடுத்து எதுவரை கேட்கிறது என்று பார்க்கிற மெஷின் மெயின்லேண்டில்தான் இருக்கிறது, கல்கத்தாவுக்குக் கொண்டுபோங்கள், காதில் மாட்டுகிற கருவி கொடுப்பார்கள், பேச்சு வருகிற வயதில் தாமதிக்காதீர்கள் என்றார்.

கல்கத்தா கப்பல் இந்த மாதக் கடைசியில். உன் மச்சானுக்கு மழைக்காலத்தில் லீவு கிடையாது. நானும் ரெமியும்தான் வர வேண்டும். பாஷை தெரியாத ஊரில், கிதிர்ப்பூர் துறையில் பிள்ளையோடு இறங்கி நான் எந்தப் பக்கம் நடப்பேன்? உன் அறை வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அந்தக் காரமான கடிதத்தில் எழுதியவள் நான்தான். மறக்கவில்லை. உன் மச்சான்கூட ஒரு காலத்தில் உன்னைக் கூத்தாடி என்றார். நேற்று அவரே, "அவனுக்கு எழுதிப் போடு. அவன் அனுப்புன டேப்புதான கண்ணத் தொறந்துச்சு" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்காதே.

உன் அறையில் நாலு பேண்டுக்காரர்கள் இருப்பதாகக் கேள்வி. ஒரு மூலை போதும். சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் ரெமி எழுந்திருக்க மாட்டான், தடித்த ஒலிக்கார பேஸ் கிட்டார் வாசிக்கிறவரை மட்டும் கொஞ்சம் அடக்கி வை. ஞானத்தகப்பன் என்று கோயில் புஸ்தகத்தில் தாமஸ் பேர்தான் இருக்கிறது. அதைப் பற்றி நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தப் பார்சலில் உன் சுருளைத் திருப்பி அனுப்புகிறேன். கடைசியில் கொஞ்சம் வெற்று டேப் இருக்கிறது. அதில் நீ பேசு. ஏழரையில் பதி, நான் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்கிறேன். ரெமிக்கு மூன்றேமுக்காலில் போட்டுக் காட்டுகிறேன். துறையில் வந்து நிற்கப்போகிற ஆளை அவன் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

டிக்கெட் எடுக்க வேண்டும். வரலாமா, வேண்டாமா? சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
அமுதம்